கடைசி பெஞ்சில் கெபுவேலி

சனிக்கிழமை விடியற்கால ஜெபத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் வாசலிலேயே ஒரு கணம் தயங்கினார்கள். கதவை ஒட்டிய கடைசி பெஞ்சில், எங்கள் வழக்கப்படி மரியாதைக்குக் கட்டும் பாயை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, கொயர் மாஸ்டர் கெபுவேலி உட்கார்ந்திருந்தார்.

அந்த பெஞ்சு கைக்குழந்தைக்காரிகளுக்கும் தூங்கி விழுகிறவர்களுக்கும் உரியது. கெபுவேலி நிற்கிற இடம் முன்னால், கொயருக்கு எதிரே போட்டிருக்கும் மரப்பெட்டியின் மேல். இருபது வருஷத்துக்கு மேலாக அவருடைய முதுகைப் பார்த்துத்தான் எங்கள் சபை ஆராதித்து வந்திருக்கிறது.

இன்று பெட்டி காலியாக இருந்தது.

காரணம் ஊருக்கே தெரியும். ஜனவரி முதல் வாரம் முழுக்க எங்களுக்கு ஜெப வாரம். இருட்டில் ஒரு ஆராதனை, சாயங்காலம் ஒரு ஆராதனை, நடுவில் வயிறு முட்டச் சாப்பாடு. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, புதிதாக மாற்றலாகி வந்த பாஸ்டர் சைமோனே எல்லோரையும் உட்கார வைத்தார்.

"வருஷம் புதுசு. நம்ம ஆராதனையையும் கொஞ்சம் புதுசு பண்ணுவோம். எது சரியில்லைன்னு மனசு விட்டுச் சொல்லுங்க" என்றார்.

பாஸ்டரே கேட்டாலும் எங்கள் ஊரில் யாரும் மனசை விட்டுவிட மாட்டார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எழுந்து பேசியது லாத்தாய். கெபுவேலியின் மூத்த மகள். ஆக்லாந்தில் படித்துவிட்டு வந்து தலைநகர் நுக்குவாலோஃபாவில் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சராக இருப்பவள்.

"நம்ம கொயர் ரொம்ப நல்லாப் பாடுது பாஸ்டர். அதுதான் குறை. அவங்க பாடுறாங்க, மத்தவங்க கேட்கிறாங்க. கச்சேரிக்கு வந்த மாதிரி. கொயர்ல இருக்கிறவங்க சபைக்கு நடுவுல பரவி உட்காரட்டும். பக்கத்துல ஒரு குரல் கேட்டா எல்லாரும் பாடுவாங்க."

கெபுவேலி கண்ணாடியைக் கழற்றி மடித்தார். கையில் இருந்த தாளக் குச்சியை பாஸ்டரின் மடியில் வைத்தார். "வேற ஆள் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். அன்றிலிருந்து மகளோடு பேச்சில்லை. பாஸ்டர் அந்தக் குச்சியை லாத்தாயிடம் நீட்டியபோது அவள் வாங்கவில்லை. சனிக்கிழமை ஒத்திகைக்குள் பதில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமைதான் இது.

பாஸ்டர் பாட்டு எண்ணைச் சொன்னார். கொயர் வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பேஸ் குரல்காரர் மாகா எழுந்து முதல் அடியை எடுத்துக் கொடுத்தார். கெபுவேலியோடு சேர்ந்து வளர்ந்தவர். அடிவயிற்றிலிருந்து வரும் குரல். கொயர் பிடித்துக்கொண்டது. சோப்ரானோ, ஆல்டோ பெண்களும் டெனர், பேஸ் ஆண்களுமாக நான்கு குரலும் சேர்ந்ததில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

கெபுவேலி கண்ணை மூடிக் கேட்டார். நன்றாகத்தான் இருந்தது. சோப்ரானோ கொஞ்சம் அவசரப்பட்டது. ஆனால் அவரைச் சுற்றி ஏதோ குறைந்தது. கண்ணைத் திறந்தார்.

பக்கத்தில் இருந்த பையன் கொட்டாவி விட்டான். முன் பெஞ்சுப் பெண் பிள்ளையின் தலையில் பேன் பார்த்தாள். அதற்கு முன்னால் நாலைந்து பேர் புத்தகத்தை விரித்து, அழகாகப் பிடித்து, வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஓரத்து பெஞ்சில் லோசலினே நின்றாள். அவர் மனைவி. அவளுடைய புத்தகமும் விரிந்திருந்தது. அவளுடைய வாயும் மூடியிருந்தது.

தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

*

காலையில் எவுவா தீவுக் கப்பலில் தோவகசே வந்து இறங்கினாள்.

கெபுவேலியின் அக்கா. லாத்தாய்க்கு அத்தை. எங்கள் பக்கத்தில் அப்பாவுடன் பிறந்தவளுக்கு மேல் ஒரு அதிகாரம் கிடையாது. அத்தை வாயைத் திறந்தால் அண்ணன் தம்பி பிள்ளைகள் வாயை மூட வேண்டும். தம்பியும் அப்படித்தான். மரியாதைக்காக வீட்டில் அவள் இருக்கும் அறைக்குள் வரமாட்டார், நேருக்கு நேர் பேசமாட்டார்.

ஆகவே தோவகசே முன்னறையில் பாயில் சாய்ந்தவுடன் கெபுவேலி பின்பக்கச் சமையல் கொட்டகைக்குப் போய்விட்டார். நடுவில் இருந்தது ஒரே ஒரு பலகைச் சுவர்.

"லோசலினே, காலை நீட்டணும், இன்னொரு தலையணை கொண்டா. கொக்கோவுல சர்க்கரை பத்தலை. லாத்தாய் எங்கே? அந்த ஆக்லாந்து மகாராணி எங்கே?"

லாத்தாய் வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"வாங்கத்தை. பிரயாணம் எப்படி இருந்துச்சு?"

"வாந்தி எடுத்தேன். ரெண்டு மணி நேரமும் வாந்தி. பக்கத்துல இருந்த பன்னிக்குட்டி கூட எடுத்துச்சு. யாருக்காக? உனக்காக. எவுவா வரைக்கும் சேதி வந்துடுச்சுடி. பெத்த அப்பனை சபை நடுவுல நிக்க வச்சு, உன் பாட்டு வேண்டாம்னு சொன்னியாமே?"

"அப்படிச் சொல்லலை அத்தை."

"வேற எப்படிச் சொன்னே?"

"கொயர் நல்லா இருக்குன்னுதான் சொன்னேன்."

"நல்லா இருக்கிறதை எதுக்குடி மாத்தணும்? என் பல்லு நல்லா இருக்கு. பிடுங்கிடலாமா?"

லாத்தாய்க்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அத்தை முன்னால் இரண்டும் கூடாது.

"என் வகுப்புல படிக்கிற பிள்ளைங்க நம்ம சபைதான் அத்தை. பள்ளிக்கூடத்துல தொண்டை கிழியப் பாடுதுங்க. ஞாயித்துக்கிழமை ஊமையா உட்கார்ந்திருக்குதுங்க. ஏன்டான்னா, 'அது கொயர் வேலை டீச்சர்'னு சொல்லுதுங்க. அதைத்தான் அப்பாகிட்ட தனியாச் சொல்லியிருக்கணும். கூட்டத்துல சொன்னது தப்பு. ஒத்துக்கிறேன்."

"ஒத்துக்கிட்டா போதாது." தோவகசே கொக்கோவைக் கீழே வைத்தாள். சுவரைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "இன்னிக்கு ஒத்திகையில எல்லார் முன்னாடியும் உங்கப்பன்கிட்ட மன்னிப்புக் கேட்கிறே. கொயர் இருந்த இடத்துல இருக்கும். பெட்டி இருந்த இடத்துல இருக்கும். என் தம்பி அதுமேல ஏறி நிப்பான். நான் அங்க வந்து உட்கார்ந்து பார்ப்பேன். உங்கப்பன்கிட்ட சொல்லிடு."

சுவருக்கு அந்தப் பக்கம் தேங்காய் துருவும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி ஆரம்பித்தது.

"சரிங்கத்தை" என்றாள் லாத்தாய். வேறு பதில் கிடையாது.

*

நாளைய சாப்பாட்டுக்கு இன்றே எல்லாம் தயாராக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மண்ணில் தோண்டிய குழியடுப்பில் வைத்து மூடுவதைத் தவிர வேறு வேலை செய்யமாட்டோம்.

கெபுவேலி துருவுபலகையில் உட்கார்ந்து தேங்காய் துருவினார். லோசலினே எதிரே உட்கார்ந்து சேம்பு இலைகளின் காம்பைக் கிள்ளி அடுக்கினாள். மழை வரும்போல் புழுங்கியது.

"நீ ஏன் பாடலை?" என்றார்.

"எப்போ?"

"காலையில. புஸ்தகம் திறந்திருந்துச்சு. வாய் மூடியிருந்துச்சு. தொண்டை சரியில்லையா?"

லோசலினே ஒரு இலையைத் தடவி நேராக்கினாள்.

"தொண்டைக்கு ஒண்ணும் இல்லை. நான் கோயில்ல பாடுறதில்லை."

"என்னிக்கிலேர்ந்து?"

"லாத்தாயைப் பள்ளிக்கூடத்துல சேர்த்த வருஷம். சபை மாநாட்டுக்கு ஒத்திகை நடந்துச்சு, ஞாபகம் இருக்கா? நான் ஆல்டோவுல இருந்தேன்."

கெபுவேலிக்கு ஞாபகம் இருந்தது. அந்த மாநாட்டில் எல்லோரும் எங்கள் சபையைப் பற்றித்தான் பேசினார்கள். பாடிய பாட்டு, போட்டிருந்த வெள்ளைச் சட்டை, லாரியில் திரும்பி வரும்போது தின்ற தர்ப்பூசணி எல்லாம் ஞாபகம் இருந்தது.

"நான் சுருதி இறங்கிட்டேன். நீங்க குச்சியால தட்டி நிறுத்தினீங்க. 'லோசலினே, நீ உதட்டை மட்டும் அசை. சத்தம் வேண்டாம்'னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க. ரெண்டு வாரம் உதட்டை அசைச்சேன். அப்புறம், கைக்குழந்தை இருக்குன்னு சொல்லி விலகிட்டேன்."

அவர் தேடிப் பார்த்தார். தர்ப்பூசணியின் விதை வரைக்கும் ஞாபகம் வந்தது. இது மட்டும் வரவில்லை.

"வீட்டு ஜெபத்துல பாடுவியே."

"பாடறது நீங்களும் பிள்ளைங்களும். நான் ஜெபம் சொல்றவ. நல்லா யோசிச்சுப் பாருங்க."

அவர் யோசித்தார். அவள் சொல்வது சரி.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? 'சுருதி சேர்த்துப் பாடு, சேர்த்துக்கிறேன்'னு சொல்லியிருப்பீங்க."

அதுவும் சரி. கெபுவேலி பாதி துருவிய தேங்காயைக் கையில் வைத்தபடி இருந்தார். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரை அசைத்தது. எப்போதோ ஆறிப்போன ஒரு காயத்தை, கேட்டதால் காட்டினாள். இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் முதுகுக்குப் பின்னால் அவள் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர் கையை வீசிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"லாத்தாய்க்குத் தெரியுமா?"

"தெரியாது. அவ எனக்காகப் பேசலை. அவளைப் போய்த் திட்டாதீங்க." அவள் தேங்காய்ச் சிரட்டையைப் பார்த்தாள். "துருவுங்க. பால் பத்தாது."

*

ஒத்திகைக்குக் கோயிலில் விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். தோவகசேவுக்கு நடுவில் ஒரு நாற்காலி. கையில் விசிறி. பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். டெனர்களில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். பேஸ் வரிசை மட்டும் வெற்றாக இருந்தது. மாகாவும் இன்னும் மூன்று பேரும் வெளியே மாமரத்தடியில் நின்றார்கள்.

கெபுவேலி படியேறும்போது மாகா வழிமறித்தார்.

"கெபு, உன் பொண்ணு உனக்குப் பண்ணினது எங்களுக்கும் பண்ணின மாதிரி. நீ பெட்டியில ஏறு, நாங்க உள்ள வர்றோம். இல்லைன்னா யாரும் வரமாட்டோம்."

"உள்ள வா மாகா. பேசலாம்."

"பேச என்ன இருக்கு? ஏறுவியா மாட்டியா?"

கெபுவேலி அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

லாத்தாய் முன்னால் வந்து தலை குனிந்து நின்றாள். பாஸ்டர் சைமோனே குச்சியைப் பின்னால் மறைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றார்.

"அப்பா, எல்லார் முன்னாடியும் சொல்றேன். செவ்வாய்க்கிழமை நான்..."

"இரு." நான்கு நாளில் மகளிடம் பேசிய முதல் சொல் அது.

அவர் தரையில் உட்கார்ந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், அவள் கால் பக்கத்துப் பாயைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அக்காகிட்ட ஒரு அனுமதி கேட்கணும்."

தோவகசேவின் விசிறி நின்றது. தம்பி அவளிடம் நேராகப் பேசி எத்தனையோ வருஷம்.

"பெட்டியைத் திருப்பிப் போடணும். கொயரைக் கலைச்சு சபைக்குள்ள உட்கார வைக்கணும். நான் சபையைப் பார்த்து நிக்கணும்."

"நீயா கேட்கிறே?"

"ஆமாக்கா."

"இந்தப் பொண்ணு உன்னை ஏதாவது..."

"அவகூட நான் பேசவே இல்லையே."

"பாஸ்டர்?"

"இல்லக்கா. நானாத்தான்."

தோவகசே சுற்றிலும் பார்த்தாள். யாருக்காகச் சண்டை போட வந்தாளோ அவனே கட்சி மாறிவிட்டான்.

"அப்போ நான் எதுக்குடா கப்பல் ஏறி வாந்தி எடுத்துட்டு வந்தேன்?"

முதலில் சிரித்தது பாஸ்டர்தான். பிறகு ஆல்டோக்கள். பிறகு எல்லோரும். தோவகசே விசிறியால் காற்றை அடித்தாள். "என்னமோ பண்ணு. ஆனா கேட்கிறதுக்கு நல்லா இருக்கணும். இல்லைன்னா நாளைக்கே பழையபடி திருப்பிடுவேன்."

கெபுவேலி எழுந்து பெட்டியைத் தானே தூக்கினார். உதவிக்கு வந்தவர்களை விலக்கிவிட்டு, தூக்கிக்கொண்டு போய் நடைபாதையின் முன்முனையில் சபையைப் பார்த்து வைத்தார். கையை நீட்டினார். பாஸ்டர் குச்சியைக் கொடுத்தார்.

"ஒரு பெஞ்சுக்கு ரெண்டு பேர். போங்க, பரவுங்க."

நன்றாக இல்லை. சத்தியமாக நன்றாக இல்லை. பக்கத்தில் துணைக்குரல் இல்லாத ஆல்டோக்கள் சோப்ரானோவுக்குத் தாவினார்கள். ஒரு டெனர் இரண்டாம் அடியில் காணாமலே போனார். பேஸ் இல்லாமல் பாட்டு தரை இல்லாத வீடு மாதிரி தொங்கியது. வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள், பக்கத்தில் வந்து உட்கார்ந்த கொயர்க்காரியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவள் முறைத்ததும் பயந்துபோய்ப் பாடின.

பாடின! கெபுவேலி குச்சியைத் தாழ்த்தவில்லை. பேஸ் பகுதியைத் தானே பாடிக்கொண்டு கை வீசினார்.

பாட்டு முடிந்தபோது வாசலில் மாகா நின்றிருந்தார்.

"பேன் பார்க்கிறவளுக்கும் பால் கொடுக்கிறவளுக்கும் நடுவுல உட்கார்ந்து நான் பேஸ் பாடணுமா கெபு?"

"ஆமா மாகா."

மாகா திரும்பி நடந்தார். மூன்று பேரும் பின்னால் போனார்கள். கெபுவேலி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். சின்ன வயதில் ஒரே படகில் மீன் பிடித்தவர்கள்.

வெளியே வரும்போது லாத்தாய் அப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு அடி பின்னால் நடந்தாள்.

"அப்பா, மன்னிப்பு இன்னும் பாக்கி இருக்கு."

"இருக்கட்டும். நீ சொன்னதுல பாதி சரி."

"எந்தப் பாதி?"

"அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்." நாலடி நடந்த பிறகு சொன்னார்: "நாளைக்கு நீ பின்னாடி போய் உட்காரு. அந்தப் பசங்களோட. அங்க ஒரு பாட்டு டீச்சர் வேணும்."

*

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. வெள்ளை உடுப்பு, புதுப் பாய், பவுடர் வாசனை. பெட்டி திரும்பியிருப்பதைப் பார்த்தவர்கள் குசுகுசுவென்று பேசினார்கள். தோவகசே முதல் பெஞ்சில், தம்பியின் மற்ற பிள்ளைகள் யாரும் தப்பிக்காதபடி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

கெபுவேலி பெட்டியில் ஏறினார். இத்தனை முகங்களை அவர் மொத்தமாகப் பார்த்ததே இல்லை. இதுவரை கொயர் மட்டும்தான் அவர் முகத்தைப் பார்த்தது. இன்று எல்லோரும் பார்த்தார்கள்.

மாகாவையும் அந்த மூன்று பேரையும் மட்டும் காணவில்லை.

குச்சியை உயர்த்தினார். பாட்டு எழுந்தது. நேற்றை விட நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. நேற்றை விடப் பெரியதாக இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து லாத்தாயும் அவள் பள்ளிக்கூடத்துப் பசங்களும் கொஞ்சம் கத்தவே செய்தார்கள். பேன் பார்க்கிற பெண் பக்கத்து ஆல்டோவின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பதுபோல் சாய்ந்து, சொல் சொல்லாகப் பிடித்துக்கொண்டு வந்தாள். சுருதி இரண்டு முறை இறங்கியது. கெபுவேலி நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும்போல் கை துடித்தது. நிறுத்தவில்லை.

முதல் சரணம் முடிந்த அந்தச் சின்ன இடைவெளியில், சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு சபையிலிருந்து ஒரு பேஸ் குரல் கேட்டது. அடிவயிற்றுக் குரல். எங்களில் யாருக்கும் அது யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. நிறைய தலைகள் ஜன்னல் பக்கம் திரும்பின. தோவகசே "ஹ்ம்" என்றாள், கோயில் முழுக்கக் கேட்கும்படி.

கெபுவேலி இரண்டாம் சரணத்துக்குக் கையை வீசினார். பேஸை இன்னும் அழுத்தி, தானே பாடினார்.

அப்போதுதான் ஓரத்து பெஞ்சைப் பார்த்தார்.

லோசலினே நின்றிருந்தாள். இரண்டு பக்கமும் கொயர்க்காரிகள். புத்தகம் விரிந்திருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை, புத்தகத்தையே பார்த்தாள். அவள் உதடுகள் அசைந்தன.

அவர் காதைத் தீட்டினார். முந்நூறு குரல்களுக்குள் ஒரு குரலைத் தேடினார். எந்தப் பாட்டில் யார் அரை சுருதி விலகினாலும் கண்டுபிடித்துவிடுகிற காது அது. அந்த ஒரு குரல் மட்டும் பிடிபடவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்து வீடு உறங்கப் போனது. முன்னறையில் தோவகசேவின் குறட்டை. லாத்தாய் இலைகளை வாரிக்கொண்டு போய்க் கொட்டினாள். கொட்டகையில் லோசலினே தண்ணீர்ப் பானையை மூடிக்கொண்டிருந்தாள். கெபுவேலி வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாடினியா?"

அவள் நிமிர்ந்தாள். "உங்களுக்குக் கேட்கலையா?"

"கேட்கலை."

லோசலினே கையைத் துடைத்துக்கொண்டு அவரைக் கடந்து போனாள். போகிற போக்கில் சொன்னாள்:

"அப்போ பெட்டியை இன்னும் கொஞ்சம் கிட்டக்கப் போடுங்க."